மாசிப் பனியும் மூன்று வாளித் தண்ணீரும்

"அதுக்கு எதுக்குத்தா தண்ணி ஊத்துற? அது பூக்க வேணாமா?"

பூவாளியும் கையுமாக நின்ற என்னைப் பார்த்து அத்தை இப்படிக் கேட்டபோது எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம்கூட ஆகவில்லை. மருமகளைக் குத்திக்காட்டும் வகையறா என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டேன். நான் பிறந்து வளர்ந்தது கும்பகோணத்துப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் ஓடும். கொல்லையில் செடி வாடினால் தண்ணீர் விடுவோம், வாடாவிட்டாலும் விடுவோம். பூக்கணும்னா தண்ணீரை நிறுத்து என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

செடி ஒரு காகிதப்பூ. வாசல் கேட்டை ஒட்டி சிமென்ட் தொட்டியில் நின்றது. நான் காலையும் மாலையும் ஊற்றிய தண்ணீரைக் குடித்து முள்ளும் இலையுமாகக் கிளம்பி, எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டரை எடுக்கும்போதெல்லாம் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தது. மார்கழி போய்த் தை வந்தும் ஒரு பூ இல்லை. இரண்டு வீடு தள்ளி, ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த வீட்டின் மதிலிலோ, வருடக்கணக்கில் யாரும் திரும்பிப் பார்க்காத இன்னொரு காகிதப்பூ, இலையே தெரியாமல் பூத்துத் தெருவில் தொங்கியது.

அத்தை பூவாளியை வாங்கி வைத்துவிட்டார். பத்து நாள் பட்டினி. இலைகள் தொய்ந்தன, பழுத்தன, பாதி உதிர்ந்தன. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. யாருக்கும் தெரியாமல் ஒரு சொம்பு ஊற்றிவிடலாமா என்று இரண்டு தடவை போய்த் திரும்பினேன். மாசி பிறந்த வாரத்தில் இலைக் கணுக்களில் சின்னச் சின்னதாகச் செம்புள்ளிகள் தெரிந்தன. இன்னும் பத்து நாளில் அந்த வீட்டு மதிலுக்கு எங்கள் கேட் போட்டியாக நின்றது.

இதற்கு இருக்கும் காரணத்தை நான் படித்தது ரொம்ப வருடம் கழித்து. காகிதப்பூவில் நம் கண்ணுக்குப் பூவாகத் தெரியும் அந்த மூன்று மடலும் பூவே கிடையாது, நிறம் மாறிய இலைகள். நடுவில் ஈர்க்குச்சி மாதிரி நிற்கும் வெள்ளைக் குழல்தான் பூ. பிரேசில் பக்கத்திலிருந்து வந்த செடி. பகல் குறுகி, வேர் காயும்போதுதான் பூக்கத் தோன்றும் அதற்கு. தண்ணீரும் உரமும் தாராளமாகக் கிடைத்தால் இலையை வளர்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடும். அத்தைக்குப் பிரேசிலும் தெரியாது, பகல் நேரக் கணக்கும் தெரியாது. அவர் திருமங்கலம் பக்கத்துக் கிராமம். அவர்கள் வீட்டில் மல்லிகைத் தோட்டம் இருந்தது. தண்ணீரை எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்துகொள்வதுதான் அந்தத் தொழிலில் பாதி.

எங்கள் வீடு இருப்பது மதுரையை ஒட்டிய நாகமலை புதுக்கோட்டையில், மலை அடிவாரத்தில். ஒன்றரை அடி தோண்டினால் சரளை, அதற்குக் கீழே கடப்பாரை 'ணங்'கென்று சத்தம் போடும் பாறை. அதனால் முருங்கை, மல்லிகை, கறிவேப்பிலை மட்டும் தரையில், மிச்சமெல்லாம் தொட்டியில். போர் தண்ணீர் உப்பு. மண் தொட்டிகளின் வெளிப்பக்கம் மாவுக்கோலம் போட்ட மாதிரி வெள்ளை பூத்துக் கிடப்பதைப் பார்த்தாலே தெரியும். இந்த ஊரில் வீட்டுத்தோட்டம் வைத்திருக்கிறேன் என்று வெளியூர்த் தோழிகளிடம் சொன்னால், "அங்கே என்னடி பூக்கும்?" என்பார்கள். எல்லாம் பூக்கும். தை நடுவில் தொடங்கிப் பங்குனி வெயில் ஏறுவதற்குள் ஒரு ஐம்பது நாள், எங்கள் வீடு அடையாளம் தெரியாது.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது பழமொழி. மதுரையில் பனி எதையும் துளைத்து நான் பார்த்ததில்லை. விடியற்காலையில் 20 டிகிரி அளவுக்கு இறங்கும், மோட்டார் சைக்கிள் சீட்டில் விரலால் பெயர் எழுதலாம், ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று வந்துவிடும். கொடைக்கானல்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் செடிக்கு அந்தக் கொஞ்சம் போதும். மழை ஐப்பசி கார்த்திகையோடு முடிந்து, மண் மேலாக்கக் காயத் தொடங்குகிறது. பகல் சுருங்கியிருக்கிறது. ராத்திரி குளிர்கிறது. மூன்றும் ஒன்றாக வரும் நேரம் வருடத்தில் இது ஒன்றுதான். யூடியூபில் வசந்தகாலத் தோட்டம் என்று காட்டுகிறார்களே, பனி உருகி மண்ணுக்குள்ளிருந்து முளை எட்டிப் பார்ப்பது, அதற்கு நேர் தலைகீழ். அங்கே தண்ணீர் வந்ததும் பூ. இங்கே தண்ணீர் போகும்போது பூ.

வாசலில் முதலில் வருவது டிசம்பர் பூ. பேர் டிசம்பர் என்றாலும் எங்களிடம் தை முழுக்க இருக்கும். கத்தரிப்பூ நிறம் ஒன்று, வெள்ளை ஒன்று. வாசம் கிடையாது, தலையில் வைத்தால் மத்தியானத்துக்குள் சுருண்டுவிடும். ஆனாலும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கேட்டு வாங்கிப் போகும்.

அடுத்து கனகாம்பரம். இதைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சந்தையில் பார்க்கும் தடித்த ஆரஞ்சு நிற டெல்லிக் கனகாம்பரம் விதை பிடிக்காது, குச்சி வெட்டித்தான் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் இருப்பது பழைய நாட்டு வகை. பச்சைக் கதிர் ஒன்று நீளும், அதன் அடியிலிருந்து இரண்டிரண்டாகப் பூத்துக்கொண்டே மேலே போகும். பூ முடிந்த கதிர் காய்ந்து பழுப்பாக நிற்கும், அதற்குள் கோதுமை மாதிரிக் காய். தை மாதக் காலையில் அந்தக் காய்ந்த கதிர்மேல் விரலை நனைத்து ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்துக்குள் எண்ணுவதற்கு முன் 'பட்'டென்று வெடித்து, விதை இரண்டடி தள்ளிப் போய் விழும். என் மகன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதை எச்சில் தொட்டுக் காதுப் பக்கத்தில் பிடித்துக்கொள்வான். காய்ந்த விதையை வெயிலில் வீணாக்காமல், ஈரம் பட்டால் மட்டும் வெளியே விடுகிற செடி அது. மழை எப்போது வரும் என்று நிச்சயமில்லாத நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறில்லை. எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவர் இடுக்கு, செப்டிக் டேங்க் மூடி ஓரம், எதிர்வீட்டு வாசல்படி எங்கும் முளைத்து நிற்பவையெல்லாம் இப்படி வெடித்துப் போனவைதான்.

கனகாம்பரத்துக்கு ஒரு எதிரி உண்டு, வேரில் முடிச்சுப் போடும் நூற்புழு. செடி காரணமே இல்லாமல் வெளிறும். பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் மணிமணியாக இருக்கும். வேப்பம்புண்ணாக்கை மண்ணில் கலப்பதும், பக்கத்தில் கேந்தி (செண்டுமல்லி) வைப்பதும் கேட்கிறது. கேந்தி வேரை அந்தப் புழுவுக்கு ஆகாது.

தைப்பொங்கலுக்கு முதல் நாள் காப்புக் கட்டுவதற்காகப் பூ தேடி மலைப் பக்கம் போவோம். ஆவாரம்பூ, கூரைப்பூ, வேப்பிலை. சிறுபீளையைத்தான் எங்கள் வீட்டில் கூரைப்பூ என்போம். இந்த ஆவாரைக்கும் பீளைக்கும் யார் தண்ணீர் விடுகிறார்கள்? ரோட்டோரத்துச் சரளையில், ஆடு மாடு மிதித்த இடத்தில், ஆவாரை மஞ்சள் மஞ்சளாக நிற்கும். ஒரு தடவை ஆசைப்பட்டு ஆவாரங்கன்று ஒன்றைப் பெயர்த்துக்கொண்டு வந்து தொட்டியில் வைத்தேன். மண்புழு உரம், தினமும் தண்ணீர், ராஜ உபசாரம். மூன்றாம் வாரம் வேர் அழுகிச் செத்தது. இப்போது போய்ப் பார்த்துவிட்டு வருவதோடு சரி. வீட்டுமனை விளம்பரக் கற்கள் வருடாவருடம் மலையை நோக்கி நகர்கின்றன, காப்புக்கு ஒரு கொத்து ஒடிக்க நாங்களும் வருடாவருடம் தூரம் கூடுதலாக நடக்கிறோம்.

தப்பு செய்த கதை இன்னும் இருக்கிறது. தை மாதம் ஆனால் மினி லாரியில் செடி விற்றுக்கொண்டு வருவார்கள். பெட்டூனியா, டாலியா, கைக்குள் அடங்காத செவ்வந்தி. குளிர்ந்த ஊர்களில் வளர்த்து, பூவோடு கொண்டுவந்து இறக்குவார்கள். ஒரு வருடம் மனசு கேட்காமல் அறுநூறு ரூபாய்க்கு வாங்கி வரிசையாக வைத்தேன். "ஊர்க்கார ஆளா இது?" என்று மட்டும் அத்தை கேட்டார். டாலியா மாசி மாதத்தில் தலை கவிழ்ந்தது, நிமிரவே இல்லை. பெட்டூனியா பங்குனி பத்து வரை பார்த்தது. தினமும் ஒரு முழு வாளி அந்த எட்டுத் தொட்டிக்கே போனது. வாங்கின காசைவிட ஊற்றின தண்ணீர்தான் எனக்கு உறுத்தியது.

செவ்வந்தி மட்டும் பிழைத்தது, அதன் பக்கக்கன்றுகளைப் பிரித்து வைத்தேன். அடுத்த வருடம் தையில் வேடிக்கை. பின்பக்கம் இருந்த தொட்டியில் இடம் கொள்ளாத அளவுக்கு மொட்டு. வாசல் பக்கத் தொட்டியில் இலை மட்டும். ஒரே தாய்ச்செடி, ஒரே மண், ஒரே தண்ணீர். வாசலில் ராத்திரி முழுக்க எரியும் எல்இடி பல்புதான் வித்தியாசம். இரவு நீண்டால்தான் செவ்வந்திக்கு மொட்டு வைக்கத் தெரியும். விளக்கு வெளிச்சத்தில் நின்ற செடிக்கு இரவு நீண்டதே தெரியவில்லை. திருட்டுக்குப் பயந்து போட்ட விளக்கு பூவைத் திருடிவிட்டது என்று என் கணவர் ஒரு வாரம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நகைச்சுவையை மன்னியுங்கள்.

இதுவரை படித்தவர்கள், 'சரி, தண்ணீர் விடாமல் இருந்தால் பூக்கும், அவ்வளவுதானே' என்று நினைத்திருப்பீர்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், 2017 தை வரைக்கும்.

2016இல் ஐப்பசி வந்தது, கார்த்திகை போனது, மழை இல்லை. வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுக்க வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. அறிவிப்பு வருமுன்பே எங்கள் போரில் தண்ணீருக்குப் பதில் காற்று வந்தது. மோட்டார் போட்டால் குழாய் இருமும். லாரித் தண்ணீர் வாங்கிக் குடித்தோம், குளித்தோம். செடிக்கு என்று தனியாகத் தண்ணீர் கிடையாது. பாத்திரம் அலசியது, காய் கழுவியது, அரிசி களைந்தது மட்டும்.

அந்த வருடம் பூத்த மாதிரி எங்கள் வீடு அதற்கு முன்னும் பூத்ததில்லை, பின்னும் பூக்கவில்லை. காகிதப்பூவை விடுங்கள். தொட்டியில் கிடந்த அடேனியம், அடிப்பக்கம் பூசணிக்காய் மாதிரி உப்பித் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளுமே அது, ஒரு இலை இல்லாமல் இளஞ்சிவப்பில் குப்பென்று நின்றது. பக்கத்து வீட்டு மாமரம் உச்சி முதல் அடி வரை பூ. பின்பக்கம் முருங்கை, இருபது வருடத்து மரம், கீற்று இலைகூட இல்லாமல் வெறும் பூவாக, வெண்ணெய் நிறத்தில், கிளை கிளையாக நின்றது. கருவண்டுகள் காலை முழுக்க இரைந்தன. தேன்சிட்டு ஒரு ஜோடி விடியும் முன்னாலேயே வந்துவிடும். நான் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன். 'பஞ்சத்திலும் பூக்கும் முருங்கை' என்று ஏதோ கவிதை மாதிரி எழுதியும் அனுப்பினேன், இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அத்தை மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். கீழே விழுந்த பூக்களை முறத்தில் கூட்டி அள்ளினார். பூப்பொரியல் செய்வதற்காகத்தான் அள்ளுகிறார் என்று நினைத்தேன். அன்றைக்குப் பொரியலும் செய்தார். ஆனால் சாயங்காலம் மாமாவிடம், "மரம் போயிரும். போத்து வெட்டி வச்சுக்கங்க" என்றார்.

"நல்லாத்தானே பூத்திருக்கு, அத்தை?"

"சந்தோசத்துல பூக்கலத்தா இது. போறதுக்கு முன்னாடி வித்து விட்டுட்டுப் போகப் பாக்குது."

பூ எல்லாம் கொட்டியது. மூன்று காய், அதுவும் விரல் மொத்தத்தில் வளைந்து நின்றுவிட்டன. சித்திரையில் கிளைகள் தொட்டால் ஒடிந்தன. பக்கத்து வீட்டு மாமரம் சாகவில்லை, ஆனால் பிஞ்சு பட்டாணி அளவு வந்ததும் உதிர்த்துவிட்டது. மாமரத்துக்கு பூ வரும்வரை தண்ணீர் வேண்டாம், பிஞ்சு பிடித்தபின் வேண்டும். அந்த வேண்டும் நேரத்தில் கொடுக்க யாரிடமும் எதுவும் இல்லை.

மாமா வெட்டி வைத்த போத்து, இடுப்பளவு ஒரு கட்டை, சாணியை முனையில் அப்பி, கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் நட்டோம். கை கழுவின தண்ணீரிலேயே பிழைத்தது. இன்றைக்குப் பூத்துக்கொண்டிருப்பது அந்த மரம்தான். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து 1989இல் வந்த பிகேஎம் 1 ஆறே மாதத்தில் காய்க்கும், விதை வாங்கிப் போடுங்கள் என்று பலர் சொன்னார்கள். நல்ல ரகம்தான். ஆனால் எங்களுக்கு இந்த மரம் போதும்.

அந்த வருடத்துக்கு அப்புறம்தான், அத்தை தண்ணீரை நிறுத்துவதைவிட எப்போது மறுபடி ஊற்றுகிறார் என்பதைக் கவனிக்கத் தொடங்கினேன். மத்தியானம் மூன்று மணிக்கு இலை தொங்கினால் கண்டுகொள்ள மாட்டார். "வெயிலுக்கு நீயுந்தான் சாஞ்சு படுக்குற" என்பார். விடிகாலை ஆறு மணிக்கும் தொங்கினால் உடனே தண்ணீர். ராத்திரிக் குளிரில்கூட நிமிர முடியாத செடி உண்மையிலேயே தவிக்கிறது என்று அர்த்தம். தொட்டி மண்ணில் விரலை இரண்டாவது கணு வரை விட்டுப் பார்ப்பார். குரோ பேக் என்றால் காதைப் பிடித்து ஒரு பக்கம் தூக்குவார், கனத்திலேயே தெரிந்துவிடும். எழுதும்போது சுலபமாக இருக்கிறது. இதைக் கற்றுக்கொள்ள எனக்குச் செத்த செடிகளின் எண்ணிக்கையைச் சொல்ல மாட்டேன்.

2017 ஏப்ரலில் வைகை அணையில் தண்ணீர் ஆவியாகாமல் தடுக்க தெர்மகோல் அட்டைகளை மிதக்கவிட்டதும், காற்று அவற்றைக் கரைக்கு அடித்துக்கொண்டு வந்ததும் நாடே சிரித்த கதை. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அன்றைக்குச் சாயங்காலம் தேங்காய் மட்டையைப் பிய்த்துப் பிய்த்துத் தொட்டி மண்மேல் பரப்பிக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே யோசனைதான், என்னுடையது காற்றில் பறக்கவில்லை என்பதுதான் வித்தியாசம். மூடாக்கு போடாத தொட்டி மாசியில் ஒரே நாளில் காயும், போட்ட தொட்டி மூன்று நாள் தாங்கும். வாழைச்சருகு, கரும்புச் சக்கை, பொங்கலுக்கு வாங்கின மஞ்சள்கொத்தின் இலை எதுவானாலும் சரி. பொங்கல் முடிந்து தெருவில் எறியும் கரும்புத் தோகைக்கு எங்கள் வீட்டில் எப்போதும் இடம் உண்டு.

தண்ணீர்க் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மொட்டைமாடி எண்ணூறு சதுரஅடி. மதுரையில் ஒரு சராசரி வருடத்தில் பெய்வது ஏறக்குறைய 850 மில்லிமீட்டர். பெருக்கினால் அறுபதாயிரம் லிட்டருக்கு மேல் மாடியில் விழுகிறது. 2003இல் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம் என்று சட்டம் வந்தபோது ஊரோடு ஒத்து நாங்களும் குழாய் இறக்கினோம். அதில் பெரும்பகுதி நிலத்துக்குள் போகிறது, கொஞ்சம் சம்ப்பில் நிற்கிறது. அந்த உப்பில்லாத தண்ணீர்தான் மாசி வரை செடிகளுக்கு. இடையில் ஒரு முறை, வீணாகிறதே என்று ஆர்ஓ கழிவுத் தண்ணீரை ரோஜாவுக்கு ஊற்றினேன். குடிக்கும் தண்ணீரிலிருந்து எடுத்த உப்பெல்லாம் அதில்தானே இருக்கும்! இலை ஓரமெல்லாம் கருகிய பிறகுதான் உறைத்தது. இப்போது அது வாசல் தெளிக்க மட்டும்.

ஒரு நாளைக்கு மூன்று வாளி. பதினைந்து லிட்டர் வாளி. தைக்கும் மாசிக்கும் அதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். முப்பது தொட்டி, தரைச்செடிகள், எல்லாவற்றுக்கும் அதற்குள் பிரித்துக்கொள்ள வேண்டும். காகிதப்பூவுக்கும் அடேனியத்துக்கும் வாரம் ஒரு சொம்பு. கனகாம்பரத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள். நாலாவது வாளியை எடுத்தால், எங்கே உட்கார்ந்திருந்தாலும் அத்தைக்குக் கைப்பிடிச் சத்தம் கேட்டுவிடும்.

இந்த வருடம் நிலைமை பரவாயில்லை. தைப்பூசத்துக்கு வண்டியூர் தெப்பக்குளத்தில் தெப்பம் தண்ணீரில் சுற்றியது. 1645இல் திருமலை நாயக்கர் வெட்டின குளம். தண்ணீர் இல்லாத வருடங்களில் நிலைத்தெப்பம்தான், காய்ந்த குளத்தில் தெப்பம் அசையாமல் நிற்கும். நான் கல்யாணமாகி வந்த காலத்தில் அந்தக் குளத்துக்குள் பையன்கள் கிரிக்கெட் விளையாடுவார்கள். இப்போது வைகைத் தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து நிற்கிறது. சாமி பார்த்த கையோடு தண்ணீரையும் நின்று பார்த்துவிட்டு வந்தோம்.

கடைசியில் மல்லிகை. மதுரை என்றால் மல்லி, 2013இல் புவிசார் குறியீடே வாங்கியாயிற்று. ஆனால் தையில் மதுரையில் மல்லி கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. குளிரில் அது அரும்பு வைக்காது. மாட்டுத்தாவணியில் கிலோ ஆயிரக்கணக்கில் போகும், முகூர்த்த நாளில் கேட்கவே வேண்டாம். வெயில் ஏற ஏற வரத்து கூடி, சித்திரையில் மலிந்துவிடும். புதுக்குருத்தில்தான் பூ வரும் என்பதால் மார்கழியில் கவாத்து செய்தாக வேண்டும். அதை அத்தை வேறு யாரையும் செய்ய விடுவதில்லை. கார்த்திகை மழை முடிந்ததும் தண்ணீரை நிறுத்துவார், இலை வெளிறும் வரை காயவிடுவார், பிறகு அரிவாளால் முழங்கால் உயரத்துக்கு வெட்டுவார். மொட்டைக் குச்சிகள் மட்டும் நிற்கும். அடிமண்ணைக் கொத்தி ஆட்டுப்புழுக்கை போடுவார். ஊரெல்லாம் பூக்கும் தையில் எங்கள் வீட்டு மல்லிகை, தங்கச்சிமடத்துப் பதியன், விறகு மாதிரி நிற்கும்.

அத்தைக்கு இப்போது எண்பத்து நாலு வயது. ஒரு கண்ணில் பார்வை மங்கல். அரிவாளை நான்தான் பிடித்தேன் இந்த முறை, அவர் நாற்காலியில் உட்கார்ந்து, "அங்கிட்டு, இன்னும் கீழ, பைய" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தை முழுக்கக் குருத்து வரவில்லை. நான் ரொம்ப இறக்கி வெட்டிவிட்டேனோ என்று தினமும் போய்ப் பார்த்தேன். மாசி பிறந்த பிறகு, கணுக்களில் கடுகு மாதிரி பச்சை. பிறகு இலை. போன வாரம், குருத்து நுனிகளில் அரும்பு.

நேற்று விடிகாலையில் அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டே செடிக்கு வந்தார். கண்ணால் பார்த்துப் பறிக்க முடியாது, விரலால்தான். ஒவ்வொரு அரும்பையும் இரண்டு விரலுக்கு நடுவில் லேசாக உருட்டிப் பார்த்தார். கெட்டியாக, ஒல்லியாக இருந்தால் விட்டுவிடுகிறார். கொஞ்சம் பருத்து, அமுக்கினால் மெத்தென்று இருந்தால் அது இன்றைக்குச் சாயங்காலம் விரியப்போவது. காம்போடு கிள்ளுகிறார். நான் கண்ணால் பார்த்து, வெளேரென்று இருக்கிறதே என்று ஒன்றைப் பறிக்கப் போனேன். "அது நாளைக்கு" என்று கையைத் தட்டிவிட்டார்.

மொத்தம் ஏழு அரும்பு. ஏழை வைத்துக்கொண்டு என்ன கட்டுவது? கனகாம்பரத்தில் ஒரு கைப்பிடி கிள்ளிக்கொண்டு வரச் சொன்னார். வாழைநாரை ஈரத்தில் நனைத்து, நாலு கனகாம்பரம், ஒரு மல்லி, நாலு கனகாம்பரம், ஒரு மல்லி என்று கண்ணி கண்ணியாகக் கட்டினார். அரைமுழம் வந்தது. பாதியை வெட்டிச் சாமி படத்துக்குப் போட்டார். மீதியை என் தலையில் வைத்துவிட்டு, "மல்லிக்குத் தண்ணி ஊத்துனியா?" என்றார்.

"மூணு வாளியும் முடிஞ்சிருச்சு, அத்தை. காயட்டும்னுதானே சொல்வீங்க."

"அதெல்லாம் அரும்பு வர்ற வரைக்கும். வந்துருச்சுல்ல, இனிமே ஒரு நாளு வாடக் கூடாது. போ, அடி மண்ணு முங்க ஊத்திட்டு வா."

நாலாவது வாளியை எடுத்துக்கொண்டு நான் படி இறங்கினேன்.